ஃபர்னஸ் நின்றுவிட்டது: திருத்துவதா, மாற்றுவதா?

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகி, வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரமான ஃபர்னஸைப் பற்றி எழுதியிருக்கிறார்:

"அண்ணா, எங்கள் வீட்டு ஃபர்னஸுக்கு 14 வயது. வெளியே இரண்டு வெள்ளைக் குழாய் போகிற வகை. போன கிழமை பனி கொட்டித் தீர்த்த அடுத்த நாள் விடிய எழும்பினால் வீடு 15 பாகைக்கு இறங்கியிருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். உள்ளே சின்ன விசிறி ஒன்று ஒரு நிமிடம்போல் சுற்றுகிறது, பிறகு நிற்கிறது. நெருப்புப் பிடிக்கவே இல்லை. இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. வந்து பார்த்தவர் பத்து நிமிடத்தில், 'இன்டியூசர் மோட்டர் போய்விட்டது, 1,150 டொலர்' என்றார். 'இந்த வயதுக்குக் காசு போடுவது வீண். புதுசு 6,400 டொலர். இல்லாவிட்டால் மாதம் 95 டொலர் வாடகைக்கு இன்றைக்கே பூட்டித் தருகிறோம், காஸ் பில்லும் பாதியாகிவிடும்' என்கிறார். இப்போதைக்கு மின் ஹீட்டர்களை வைத்துச் சமாளிக்கிறோம். மாமிக்கு 78 வயது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களிடம் கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் ஒன்று சொல்கிறேன்: இன்றைக்கு எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வீடு குளிர்ந்து கிடக்கும்போது எந்த விலையும் நியாயமான விலையாகத்தான் தெரியும். இருபது குளிர்காலமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆட்கள் பின்னால் வருந்துகிற ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜனவரி மாத இரவில், கோட்டைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் வைத்துக் கையெழுத்தானவை.

அடுத்தது, உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. "சின்ன விசிறி ஒரு நிமிடம் சுற்றுகிறது" என்கிறீர்கள். அந்தச் சின்ன விசிறியைச் சுழற்றுவதுதான் இன்டியூசர் மோட்டர். சுற்றுகிற மோட்டரைப் போய்விட்டது என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று கேட்க வேண்டும். மோட்டர் வலுவிழந்து, சுற்றினாலும் போதிய இழுவை கொடுக்காமல் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அளந்துதான் சொல்ல முடியும்.

இந்த வகை ஃபர்னஸ் எப்படித் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். தேர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் இன்டியூசர் விசிறி சுற்றி, உள்ளே இருக்கும் பழைய புகையைக் குழாய் வழியே வெளியே இழுத்துத் தள்ளும். இழுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய இறப்பர் குழாய் பூட்டிய பிரஷர் சுவிச் என்ற சின்ன வட்டப் பொருள் ஒன்று இருக்கிறது. இழுவை போதுமென்றால் அது மூடும். மூடிய பிறகுதான் இக்னைட்டர் செக்கச்சிவந்து பழுக்கும், காஸ் வால்வு திறக்கும், நெருப்புப் பிடிக்கும். நெருப்புப் பிடித்ததை ஃபிளேம் சென்சர் என்ற கம்பி உறுதிசெய்யும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துப் பெரிய விசிறி வேலை செய்து சூட்டுக் காற்றை அறைகளுக்கு அனுப்பும். ஒரு படி தவறினாலும் ஃபர்னஸ் அடுத்த படிக்குப் போகாது. சில தரம் முயன்று பார்த்துவிட்டுத் தன்னைப் பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் ஒரு மணி நேரம் போல் கழித்து மறுபடி முயலும்.

உங்களுடையது இரண்டாம் படியில் நிற்கிறது. விசிறி சுற்றுகிறது, இக்னைட்டர் பழுக்கவில்லை. அப்படியென்றால் பிரஷர் சுவிச் மூடவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். அது மூடாததற்குக் காரணங்களில் மிக மலிவானதை முதலில் பாருங்கள். அதற்கு முதல் நாள்தானே பனி கொட்டியது? வீட்டுப் பக்கச் சுவரில் வரும் அந்த இரண்டு வெள்ளைக் குழாய்களின் வாயைப் போய்ப் பாருங்கள். ஒன்று காற்றை உள்ளே எடுக்கிறது, மற்றது புகையை வெளியே விடுகிறது. இரண்டில் எதைப் பனி மூடினாலும், வாயில் ஐஸ் கட்டினாலும், இழுவை குறைந்து இதே கதைதான் நடக்கும். பனியைக் கையால் மெதுவாக அகற்றுங்கள். சவலால் அடிக்க வேண்டாம், குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துப்போய் இருக்கும், வெடித்துவிடும். பிறகு ஃபர்னஸ் சுவிச்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். அந்தச் சுவிச் பார்ப்பதற்கு மின்விளக்கு சுவிச் மாதிரியே ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ட் படியிலோ இருக்கும். யாரோ விளக்கு என்று நினைத்து அணைத்துவிட்டதால் "ஃபர்னஸ் செத்துவிட்டது" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளும் உண்டு.

அப்புறம் தண்ணீர். இரண்டு குழாய் வகை ஃபர்னஸ் புகையிலிருக்கும் ஆவியையும் குளிரவைத்துச் சூட்டை எடுக்கிறது. அதனால் கடும் குளிர் நாளில் லீற்றர் கணக்கில் தண்ணீர் வெளியேற்றும். அந்தத் தண்ணீர் போகிற ட்ராப்பும் சின்னக் குழாயும் காலப்போக்கில் பாசி, அழுக்கு சேர்ந்து அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும், பிரஷர் சுவிச் மூடாது. மூன்றாவது, அந்த இறப்பர் குழாய் வெடித்திருக்கலாம். நான்காவது, சுவிச்சே பழுதாகியிருக்கலாம். மோட்டர் ஐந்தாவது. வந்தவர் மனோமீட்டர் என்ற அழுத்தமானி வைத்து இழுவையை அளந்தாரா, ட்ராப்பைக் கழற்றிக் கழுவினாரா, வெளியே போய்க் குழாயைப் பார்த்தாரா என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் இவ்வளவும் செய்திருக்க முடியாது.

நீங்களே பார்க்கக்கூடிய இன்னொன்று: ஃபர்னஸின் கீழ்க் கதவில் சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். அதற்குள் ஒரு விளக்கு இத்தனை தரம் என்று கணக்காக மின்னும். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம் என்று இருக்கும். கதவைக் கழற்றுவதற்கு முன்பே கைபேசியில் அந்த மின்னலை வீடியோ எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்தால் பாதுகாப்புச் சுவிச் மின்சாரத்தை அணைத்துவிடும், சில மாடல்களில் அந்தக் குறியும் அழிந்துவிடும். அந்த வீடியோ கையில் இருந்தால் யாருடனும் பேசலாம். காஸ் குழாய், வால்வு, பர்னர் பக்கம் மட்டும் நீங்கள் கை வைக்கவே கூடாது.

இனி விலை. ரொறன்ரோ வட்டாரத்தில் நான் காண்கிற அளவைச் சொல்கிறேன், வீட்டுக்கு வீடு மாறும், 13 சதவீத வரி தனி. வந்து பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க 100 முதல் 180 டொலர். ராத்திரி, ஞாயிறு, விடுமுறை என்றால் அதற்கு மேல். ஃபிளேம் சென்சரைத் துடைப்பது, ட்ராப்பைக் கழுவுவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் காசுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டிய வேலைகள். பிரஷர் சுவிச், இக்னைட்டர் என்றால் மொத்தம் 200 முதல் 400. இன்டியூசர் மோட்டர் 600 முதல் 1,200 வரை போகும், ஆகவே உங்களிடம் கேட்ட 1,150 கொள்ளை விலை இல்லை, மேல் விளிம்பில் இருக்கிறது. கன்ட்ரோல் போர்ட் (எல்லாவற்றையும் இயக்கும் மின்பலகை), காஸ் வால்வு இரண்டும் கிட்டத்தட்ட 500 முதல் 900. பெரிய விசிறி மோட்டர் பழைய வகை என்றால் 700க்குள் அடங்கும். இப்போது வருகிற, வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஈசிஎம் மோட்டர் என்றால் 1,500ஐத் தொடும்.

பட்டியலில் மிகப் பெரியது ஹீட் எக்ஸ்சேஞ்சர். நெருப்புக்கும் நீங்கள் மூச்செடுக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் உலோகச் சுவர் அது. அதில் வெடிப்பு விழுந்தால் நான் தயங்காமல் மாற்றச் சொல்வேன், 14 வயதில் கட்டாயம் சொல்வேன். அந்தப் பாகத்துக்கு மட்டும் பல தயாரிப்பாளர்கள் 20 வருடம், அல்லது முதல் உரிமையாளருக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் கொடுத்திருப்பார்கள். மற்றப் பாகங்களுக்குப் பொதுவாக 10 வருடம், அதுவும் பூட்டிய 60 அல்லது 90 நாளுக்குள் பதிவு செய்திருந்தால்தான். பதியாவிட்டால் 5. ஆனால் உத்தரவாதம் பாகத்துக்குத்தான், கூலிக்கு அல்ல. ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்ற ஃபர்னஸை முழுக்கப் பிரிக்க வேண்டும். பாகம் இலவசமாக வந்தாலும் கூலியே 1,000 டொலரைத் தாண்டிவிடும். எதற்கும் உங்கள் ஃபர்னஸின் மாடல், தொடர் இலக்கங்களைத் தகட்டிலிருந்து படம் எடுத்து, தயாரிப்பாளரிடம் நேரே கேளுங்கள். திருத்த வருகிறவர் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஆக, உங்கள் விஷயத்தில் நான் எப்படி முடிவெடுப்பேன்? குழாய் அடைப்பு, ட்ராப், பிரஷர் சுவிச் என்றால் யோசிக்கவே தேவையில்லை, திருத்துங்கள். உண்மையிலேயே மோட்டர்தான் என்று அளந்து காட்டினால், ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது நன்றாக இருந்து, மோட்டர் 900 போல் முடிந்தால் அப்போதும் திருத்துவேன். நல்லபடி பராமரித்த ஃபர்னஸ் 18, 20 வருடம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். 14 வயதில் இந்தத் தொகை மூன்று நான்கு குளிர்காலத்தை வாங்கித் தரும். ஆனால் மோட்டரோடு போர்டும் பழுது, உள்ளே துருவும் இருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். வயதையும் திருத்தச் செலவையும் பெருக்கி 5,000 டொலருக்கு மேல் வந்தால் மாற்றிவிடு என்று ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. அந்தக் கணக்குப்படி 14 வயது ஃபர்னஸுக்கு 360 டொலர் செலவு வந்தாலே தூக்கி எறிய வேண்டும். விற்பவருக்கு வசதியான கணக்கு அது, நான் அதைப் பாவிப்பதில்லை.

"காஸ் பில் பாதியாகும்" என்று சொன்னாரே, அது உண்மையல்ல. 2009 டிசம்பர் முடிவிலிருந்து கனடாவில் 90 சதவீதத் திறனுக்கு (எரிக்கும் காஸில் வீட்டுக்குச் சூடாகக் கிடைக்கும் பங்கு) குறைந்த வீட்டு காஸ் ஃபர்னஸ் தயாரித்து விற்க முடியாது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரிப்பவை 95 சதவீதமாவது இருக்க வேண்டும். உங்களுடையது 14 வயது, வெள்ளைக் குழாய் வகை, ஆகவே ஏற்கெனவே 90க்கு மேல். 92 என்று வைத்துக்கொள்வோம். 96 சதவீத ஃபர்னஸுக்கு மாறினால் சூடாக்கும் காஸில் மிச்சம் 4 சதவீதம் சொச்சம். வருடத்துக்குச் சூட்டுக்கு மட்டும் 1,000 டொலர் காஸ் எரிக்கிறீர்கள் என்றால் 42 டொலர். 2025 ஏப்ரல் 1 முதல் காஸ் மீதான கார்பன் கட்டணமும் எடுபட்டுவிட்டதால் மிச்சமாகும் காஸின் மதிப்பும் குறைந்துவிட்டது. இரும்புப் புகைக்குழாய் புகைபோக்கிக்குள் போகிற 80 சதவீத ஃபர்னஸ் இன்னும் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஆறில் ஒரு பங்கு மிச்சம் என்று சொல்லலாம்.

வாடகைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மாதம் 95 டொலர், பத்து வருடத்துக்கு 11,400. வரியோடு 12,882. சில ஒப்பந்தங்களில் வருடா வருடம் 3.5 சதவீதம் ஏறும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படி ஏறினால் வரிக்கு முன்பே 13,000ஐத் தாண்டிவிடும். அதே ஃபர்னஸை வாங்கினால் வரியோடு 7,232. திருத்தச் செலவு வாடகைக்குள் அடக்கம் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் புது ஃபர்னஸைப் பதிவு செய்துவிட்டால் பொதுவாக முதல் பத்து வருடம் பாகங்களுக்கு உத்தரவாதம் இருக்கும். கையில் காசு இல்லாதவர்கள் வீட்டை ஈடுவைத்து வங்கியில் எடுக்கும் கடனில் (லைன் ஒஃப் கிரெடிட்) வாங்கினாலும் வாடகையைவிட மலிவாகவே முடியும்.

வாடகையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வாடகைக் கொம்பனிகள் உங்களுக்குத் தெரியாமலே, அந்தப் பொருளில் தங்களுக்கு உரிமை உண்டு என்ற பற்றுரிமை அறிவித்தல் ஒன்றை வீட்டு உறுதியில் பதிந்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஏஜாக்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வீட்டை விற்கப் போனபோதுதான் அதைக் கண்டுபிடித்தது. அதை நீக்கப் பல ஆயிரம் கேட்டார்கள், விற்பனை முடியும் நாள் நெருங்கியதால் கட்டியே தீர வேண்டியிருந்தது. 2024 ஜூன் 6ஆம் திகதி ஒன்ராறியோ இதற்குத் தடை போட்டது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு இப்போது அப்படிப் பதிய முடியாது, பழைய பதிவுகளும் காலாவதியானவை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அதில் உள்ள மாத வாடகையும் முறிப்புக் கட்டணமும் அப்படியே இருக்கும். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தமானால் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே எழுத்தில் ரத்துச் செய்யலாம். யாரும் கூப்பிடாமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் தடை. "காஸ் கொம்பனியிலிருந்து பரிசோதிக்க வந்திருக்கிறோம்" என்று யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கேளுங்கள், அப்படியும் ஐயம் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

இரண்டாவது ஆளைக் கூப்பிடும்போது கேட்க வேண்டியது இதுதான்: காஸ் டெக்னீசியனுக்கான ஜி2 அல்லது ஜி1 உரிமம் இருக்கிறதா, கொம்பனி டிஎஸ்எஸ்ஏயில் பதிந்திருக்கிறதா. ஒன்ராறியோவில் காஸ் வேலையை ஒழுங்குபடுத்துவது அந்த அமைப்புத்தான். ஜி3 உரிமம் உள்ளவர் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என்னிடம் கேட்டால் நான் சந்தோஷமாகக் காட்டுவேன்.

சிவப்புத் துண்டு ஒட்டப்போகிறோம் என்று பயமுறுத்தினால்? ஆபத்தான கருவியைக் கண்டால் துண்டு ஒட்டுவது டெக்னீசியனின் கடமை, அதை விலைபேசக் கூடாது. ஏ வகைத் துண்டு என்றால் உடனடி ஆபத்து, அந்த இடத்திலேயே காஸை மூடிவிடுவார்கள். பி வகை என்றால் குறித்த நாட்களுக்குள் திருத்த அவகாசம் உண்டு. "துண்டு ஒட்டாமல் விடுகிறேன், இன்றைக்கே புதுசுக்குக் கையெழுத்து வையுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். வெடிப்பு என்றால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள், காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவின் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையாகவே வெடிப்பு இருந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும், அந்த ஃபர்னஸை மறுபடி போடக் கேட்காதீர்கள்.

காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் அலாரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டத்தால்தான் தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயமானது. 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். உங்கள் வீட்டில் பேஸ்மென்டையும் மறக்க வேண்டாம், கைக்குழந்தை இருக்கிறது. அலாரத்தின் பின்புறம் காலாவதி வருடம் அச்சிட்டிருக்கும், 7 முதல் 10 வருடம்தான் அதன் ஆயுள். அலாரம் அடித்தாலோ, வீட்டில் பலருக்கும் ஒரேநேரத்தில் தலையிடி, குமட்டல் வந்தாலோ, யன்னலைத் திறந்துகொண்டு நிற்காமல் எல்லோரும் வெளியே போய் 911ஐ அழையுங்கள்.

அதுவரை எப்படிச் சமாளிப்பது? ஒரு மின் ஹீட்டர் 1,500 வாட், 12 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு சுற்றில் ஒன்றுதான் போட வேண்டும், இரண்டு போட்டால் பிரேக்கர் விழும். நீட்டு வயரில் மாட்டவே கூடாது, நேரே சுவர்ச் செருகியில் மாட்டுங்கள். மாமியையும் குழந்தையையும் முடிந்தால் ஒரே தளத்தில், கதவு மூடக்கூடிய ஒரு அறையில் வைத்து அதைச் சூடாக்குங்கள். முழு வீட்டையும் சூடாக்க முயல வேண்டாம். குசினியில் ஓவன் கதவைத் திறந்துவைப்பது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது, இரண்டும் உயிராபத்து. வெளிச்சுவரை ஒட்டிய தொட்டிகளின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு, குழாயை மெல்லிய நூலாக ஓடவிடுங்கள். உறைந்து வெடித்த குழாய் ஃபர்னஸைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

கடைசியில் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். "பழையது 100,000 பிடியூ (சூட்டு அளவு), புதியதும் அதே" என்று சொல்பவரிடம், எஃப்280 என்ற கனடிய நியம முறைப்படி வீட்டின் வெப்ப இழப்புக் கணக்குப் போட்டீர்களா என்று கேளுங்கள். தேவைக்கு மிஞ்சிய ஃபர்னஸ் பட்டென்று சூடாக்கிப் பட்டென்று நின்று, மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். மேல்மாடி குளிராகவே இருக்கும், மோட்டரும் சீக்கிரம் தேயும். ஏசியும் பழசென்றால், ஏசிக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் போட்டு ஃபர்னஸைக் கடும் குளிருக்கு மட்டும் வைத்துக்கொள்வதைப் பற்றியும் விலை கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒன்ராறியோவின் ஹோம் ரெனவேஷன் சேவிங்ஸ் திட்டத்தில் அதற்குத் தள்ளுபடி கிடைக்கிறது. நிபந்தனைகளை வேலை தொடங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பேஸ்மென்ட்டைப் பற்றி ஒன்று. நம் ஆட்களின் வீடுகளில் ஃபர்னஸ் அறை பெரும்பாலும் வாடகைக்கு விட்ட பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் துணி தோய்க்கும் மெஷின், அரிசி மூட்டை, பெயின்ட் டப்பா, குளோரின் போத்தல் எல்லாம் அடுக்கியிருப்பார்கள். பஞ்சுத் தூசி பர்னரில் படியும், குளோரின் ஆவி ஹீட் எக்ஸ்சேஞ்சரை அரிக்கும். அந்த அறையைக் காலி செய்துகொடுக்கச் சொல்லுங்கள். ஒரு அங்குல ஃபில்டரை மாதம் ஒரு தரம் பார்த்து, அழுக்கானால் மாற்றுங்கள். புதிதாகச் சுவர் எழுப்பித் தேய்த்துத் தூசி பறக்கும் நாட்களில் ஃபர்னஸை ஓடவே விடாதீர்கள். குடியிருப்பவர்களிடம் இன்றைக்கே நேரே போய் நிலைமையைச் சொல்லி, ஹீட்டர் ஒன்றும் கொடுங்கள். குளிர்காலத்தில் வாடகை வீட்டை 20 பாகைக்குக் குறையாமல் வைத்திருப்பது ஒன்ராறியோவில் வீட்டுக்காரரின் சட்டப் பொறுப்பு, உங்கள் நகரசபை அதற்கு மேலும் கேட்கலாம். ரொறன்ரோவில் 21.

முதலில் வெளியே போய் அந்தக் குழாய்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த விளக்கு எத்தனை தரம் மின்னுகிறது என்பதையும், ஃபர்னஸின் மாடல் இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த படியைச் சொல்கிறேன்.